மூன்று பாட்டில் தண்ணீர்

ஸ்டெல்லா விழுந்தபோது பந்து அவள் பக்கத்தில்கூட இல்லை. அது எங்கள் கோலுக்குக் கிட்டே, ஆறேழு கால்களுக்கு நடுவில் கிடந்தது. நாங்களே இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடிய ஆட்டம். அவள் எதிர்ப் பிரிவில், மைதானத்தின் அந்தக் கோடியில் தனியாக நின்றிருந்தாள்.

விசில் கேட்டுத் திரும்பினேன். நின்றவள் குனிந்து முழங்காலைப் பிடித்திருந்தாள். பிறகு பக்கவாட்டில் செம்மண்ணில் சரிந்தாள்.

சனிக்கிழமை காலை, ஏழரை மணி இருக்கும். மாசி வெயில் அதற்குள் முதுகைச் சுட்டது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவள் ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தாள். வாந்தியில் ஒன்றுமில்லை, மஞ்சளாகக் கொஞ்சம் பித்தம்தான். வலது ஆடுசதை தோலுக்குள் ஒரு கல்லை வைத்துத் தைத்ததுபோல உருண்டு நின்றது. எங்கள் பயிற்சியாளர் மகேஷ் சார் மண்டியிட்டு, அவள் பூட்ஸின் நுனியைப் பிடித்து மேலே தள்ளினார். அவள் கத்தவில்லை. ஜெர்சியின் கழுத்துப் பட்டையைக் கடித்துக்கொண்டாள்.

"ஃபைல் எடுத்துட்டு வாங்க" என்றார் சார்.

சார் கன்னடக்காரர். எங்களிடம் கன்னடத்தில்தான் பேசுவார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஃபைல் வந்தது. ஸ்டெல்லாவின் தாளைத் தேடி எடுத்து, விரலை வைத்துக்கொண்டு கீழே கீழே போனார்.

"தண்ணி மூணு பாட்டில். மூணு பாட்டில். இதுவும் மூணு. முட்டை சரி. தூக்கம் சரி. எல்லாமே டிக் ஆயிருக்கு." தாளை மூடினார். "அப்படின்னா கோளாறு பழக்கத்துல இல்ல. உடம்புலதான். இந்த உடம்பு தாங்காது."

பிறகு என்னைப் பார்த்தார். "கோமதி, ட்ரையலுக்கு நீ ரெடியா இரு."

அந்த வார்த்தைக்காக நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

ஒரு கடிதம்

போன வாரம் இதே பத்தியில் என் முதல் பூட்ஸ் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அப்பா எழுதியிருக்கிறார். அவர் மகளுக்குப் பதின்மூன்று வயது, கால்பந்து ஆடுகிறாளாம். "இளம் வீராங்கனைகள் நல்ல பழக்கங்களை எப்படி வளர்த்துக்கொள்வது என்று எழுதினால் உபயோகமாக இருக்கும்" என்று கேட்டிருக்கிறார்.

நான் கோச் இல்லை. ஆடை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஆனாலும் கேட்டதால் எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

சாரின் தாள்

எங்கள் வீடு மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால், வரிசையாக ஏழு வீடுகளும் பொதுவாக ஒரு குழாயும் உள்ள இடத்தில். அப்பாவும் அம்மாவும் கௌதள்ளி என்ற ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஸ்டெல்லாவின் அம்மா நர்ஸ். அவர்கள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. நாங்கள் இருவரும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி இருபது நிமிஷம் நடந்து மைதானத்துக்குப் போவோம். எட்டு மணிக்குப் பயிற்சி முடிந்ததும் அங்கிருந்தே பள்ளிக்கூடம்.

இரண்டு பேருக்கும் ஒரே இடம், ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவளைத் தடுக்கிற வேலை. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளுக்கு இரண்டு காலும் கால். எனக்கு இடது கால் நிற்பதற்கு மட்டும். அதனால் அவள் ஆடுவாள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

மகேஷ் சார் பெங்களூருக்குப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அந்தத் தாளோடு வந்தார். ஆளுக்கு ஒன்று. குறுக்கே பழக்கங்கள், நெடுக்கே நாட்கள். பத்து மணிக்குள் தூக்கம். முட்டை இரண்டு. ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி. ஸ்டாக்கிங்ஸை அன்றே துவைப்பது. வீட்டுப்பாடம். மூன்று பாட்டில் தண்ணீர், அதில் ஒன்று மைதானத்தில்.

செய்தால் டிக். செய்யாவிட்டால் காலியாக விட வேண்டும். சனிக்கிழமை சார் பார்ப்பார். தாள் நிறைந்தவர்களுக்குத்தான் மாவட்ட அணியின் ட்ரையல்.

தாளில் தப்பில்லை. அதில் இருந்த பாதிப் பழக்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. இப்போதும் போட்ட சாக்ஸை அன்றே துவைக்கிறேன். பத்து மணிக்கு மேல் யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை. அந்தத் தாள் வருவதற்கு முன்னால் முட்டை என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும். "சார் எழுதிக் குடுத்திருக்காரு" என்று தாளைக் காட்டியதும் அம்மா எனக்கும் வேகவைத்தாள். இப்படி அந்தத் தாளால் வந்த நன்மையை நான் மறைக்க மாட்டேன்.

தண்ணீர்தான் பிரச்சினை.

எங்கள் பழக்கம்

அந்த மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கேலரிப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை இருந்தது. அதில் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பையன்கள் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் போய்த் திரும்பி நிற்பார்கள். நாங்கள் எங்கே போவது?

பள்ளிக்கூடத்தில் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆகவே வீட்டில் காலை ஐந்து மணிக்குப் போனால் மறுபடி சாயங்காலம் நாலரைக்கு.

இதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் கோல்கீப்பர் ரேஷ்மா. எங்களைவிட ஒரு வயது பெரியவள். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். காலையில் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், ஒரு மடக்குகூட உள்ளே போகக் கூடாது. நாக்கு ஒட்டினால் ஒரு துண்டு நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் தலை வலிக்கும். பிறகு பழகிவிடும்.

பழகிவிட்டது. அந்த அணியில் பதினான்கு பெண்கள். பதினான்கு பேருக்கும் அந்தப் பழக்கம் கச்சிதமாக இருந்தது. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

தாள் வந்த முதல் வாரம் நான் தண்ணீர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். குடிக்கவில்லை, அதனால் டிக் போடவில்லை. சார் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"தண்ணி குடிக்கக்கூடச் சோம்பேறித்தனமா உனக்கு?"

ஐந்து சுற்று ஓடவிட்டார். பச்சைத் தண்ணீர் வாயில் படாமல் ஐந்து சுற்று ஓடினேன். அடுத்த வாரம் நானும் டிக் போட்டேன்.

பாட்டிலை என்ன செய்வது? நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் காலியாகத் திரும்பினால்தான் சார் நம்புவார். மைதானத்தின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு. அதில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் பாட்டிலைக் காலுக்கடியில் சாய்த்துவிடுவோம். ஊர் முழுக்கக் காய்ந்து கிடந்த மாசி மாதத்தில் அந்தப் பெஞ்சுக்குக் கீழே மட்டும் அருகம்புல் மண்டிப் பச்சைப் பசேல் என்று இருந்தது.

சார் ஒரு தடவை அதைப் பார்த்து, "பாருங்க, மரத்து நிழல்ல புல் எவ்வளவு நல்லா வருது" என்றார்.

ரேஷ்மா என் தொடையைக் கிள்ளினாள்.

சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? முட்டி பிசகினால் சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். மாதாமாதம் வருவதைக்கூட "வயித்து வலி சார்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம். இதற்கு அப்படி ஒரு மாற்று வார்த்தை எங்களிடம் இல்லை.

அம்மாவின் வெற்றிலை

வீட்டிலும் நான் இதைச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அம்மா சித்தாள் வேலை செய்தவள். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள்.

ஒரு நாள் நான் நெல்லிக்காய் நறுக்குவதைப் பார்த்தாள்.

"என்னத்துக்கு புள்ள அது?"

"கிரவுண்டுக்கு."

"நாங்க வெத்தல போடுவோம். தாகம் தெரியாது" என்றாள். அவ்வளவுதான். அதிலேயே எல்லாம் புரிந்துபோயிற்று, அவளுக்கும் எனக்கும்.

அம்மா அப்போது வேலை செய்த கட்டடம் ஐந்து மாடி. வீட்டுக்கு இரண்டு குளியலறை, இரண்டு கழிப்பறை. அதற்கான டைல்ஸையெல்லாம் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து மேலே ஏற்றியது அவள்தான்.

இன்றைக்கு நான் மேற்பார்க்கிற லைனில் நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். கழிப்பறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் தளத்தின் மறுகோடியில். போய்வர எட்டு நிமிஷம் ஆகும், அதற்குள் எழுந்து போனவளின் மெஷினில் துணி குவிந்துவிடும். அவர்கள் பாட்டிலில் தண்ணீர் மதியம் வரை அப்படியே இருக்கும். நான் சூப்பர்வைசர் ஆன முதல் நாள் செய்த வேலை, சாக்கு சொல்லாமல் எழுந்து போகலாம் என்று சொன்னது. மேலே இருப்பவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பதில் சொன்னேன். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.

ஒரு சுற்று

மைதானத்துக்கு வருகிறேன்.

"கோமதி, ட்ரையலுக்கு நீ ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு, "மத்தவங்க ஒரு சுத்து மெதுவா ஓடுங்க" என்றார் சார். ஸ்டெல்லாவைக் கைத்தாங்கலாக மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

நான் ஓடினேன். அந்த ஒரு சுற்றில் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. எட்டு நாளில் ட்ரையல். ஸ்டெல்லா இல்லாவிட்டால் ஸ்டாப்பர் நான்தான். வேறு ஆள் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் ஒன்றும் செய்யவில்லை, அவளாக விழுந்தாள்.

என் கூடவே ஓடிய ரேஷ்மா, "லக்கு கணே உனக்கு" என்றாள். கன்னடத்துக் "கணே" நம் "டி" மாதிரி. நான் மறுக்கவில்லை.

சுற்று முடிந்து மரத்தடிக்கு வந்தோம். ஸ்டெல்லா அதே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சார் குனிந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். பிரியமாகப் பேசினார்.

"மனசு விட்டுடாதம்மா. நீ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கே. சிலருக்கு உடம்பு அமையாது. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? நல்லாப் படி. உங்கம்மா மாதிரி நர்ஸ் ஆகு."

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். "சரி சார்" என்றாள்.

அந்த "சரி சார்" எனக்கு ஆகவில்லை. எங்களில் யாருடைய உடம்பாவது நன்றாக அமைந்திருந்தது என்றால் அது அவளுடையதுதான். அந்த உடம்பைப் பழுது என்று ஒருவர் சொல்கிறார், இவள் தலையாட்டுகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் இடம் அவளுக்கு. அந்த வார்த்தையைச் சொல்வதைவிட, ஆட்டமே வேண்டாம் என்று போய்விடத் தயாராக இருந்தாள்.

"சார், அவ பொய் சொல்றா" என்றேன்.

ஸ்டெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சும்னே இரு கணே" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கோமதி, வேணாம்."

"என்ன பொய்?" என்றார் சார்.

"அவ தண்ணி குடிக்கலை சார். நேத்து ராத்திரியிலருந்து ஒரு சொட்டு குடிக்கலை. நானும் குடிக்கலை. இங்க யாருமே குடிக்கலை. டிக் எல்லாம் பொய்."

"ஏன்?"

ஒருத்தி என் ஜெர்சியைப் பின்னால் இழுத்தாள்.

"ஒண்ணுக்குப் போக இடமில்ல சார்" என்றேன். "அதனாலதான்."

கன்னடத்தில் அதை இன்னும் பச்சையாகச் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

சார் நம்பவில்லை. "பாட்டில் காலியாத்தானே போகுது?" என்றார். நான் பெஞ்சுக்குக் கீழே இருந்த புல்லைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தது. அன்றைக்குக் காலையில் ஊற்றிய பதினான்கு பாட்டில்.

அவர் எழுந்தபோது அவர் முகம் போன திசையை நான் கவனித்தேன். காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். தினமும் அவரும் போய் நிற்கிற இடம்தான். நாலு வருஷமாக அந்த மைதானத்தில் எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர், அன்றுதான் அந்தச் சுவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் ரேஷ்மா என் மேல் பாய்ந்தாள்.

"உன் வாய்க்குத் தாழ்ப்பாளே இல்லயா? மானம் போச்சு! இனிமே சார் மூஞ்சிய எப்டிப் பாக்கறது?"

"எல்லாரோட தாளும் போச்சு. ட்ரையலே கிடையாது இனி" என்று இன்னொருத்தி அழுதாள்.

"அழு. கண்ணுலருந்தாவது தண்ணி வரட்டும்" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா நொண்டிக்கொண்டே எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். தினமும் என் கூடவே நடப்பவள், அன்று தனியாகப் போனாள்.

பின்வாசல்

ஒரு மணி நேரம் கழித்துச் சார் திரும்பி வந்தார், பின்னால் அவர் மனைவி கவிதா அக்காவை உட்காரவைத்துக்கொண்டு. நாலைந்து பேர்தான் மிச்சம் இருந்தோம். சார் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அக்கா.

"இஷ்டேனா? இவ்வளவுதானா விஷயம்? நம்ம வீடு பின் தெருவுலதானே இருக்கு? நாளையிலருந்து பின்வாசல் கதவு திறந்திருக்கும். வாங்க, போங்க. பூட்ஸ மட்டும் வெளிய கழட்டுங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்ரீ, நாலு வருஷமா இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லயா? மூணு பாட்டில்னு எழுதத் தெரியுது. மூணு பாட்டிலும் எங்க போகும்னு தெரியலயா?"

சாரை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் இருந்தார். தெரிந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போனார். தெரிந்த பிறகும் பூட்டைப் பார்த்துக்கொண்டே நடந்துபோகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுப் பின்சந்தில் பதின்மூன்று ஜோடி பூட்ஸ் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு நின்று, "ஏன் கவிதா, இவ்வளவு பொண்ணுங்க? என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"பாத்ரூம் திறப்பு விழா. நீங்களும் வாங்க" என்றார் அக்கா.

பதினான்காவது ஜோடி திங்கட்கிழமை வந்தது. ஸ்டெல்லா கதவருகில் என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் தண்ணீர் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டிலை அண்ணாந்து பிடித்து, கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். கால் பிடிக்கவில்லை. பழைய பொய் டிக்குகளைப் பற்றிச் சார் பேச்செடுக்கவில்லை. அவள் பேர் பட்டியலில் மறுபடி ஏறியது. என் பேர் பழைய இடத்துக்கே இறங்கியது.

பெரிய மனசு காட்டினேன் என்று யாரும் எழுத வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிட்டேன். சொன்ன அன்றைக்கே வீட்டுக்குப் போய் வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் கொஞ்சம் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்டெல்லா தேர்வாகி, மாவட்டத்துக்கு ஆடி, பிறகு மாநிலத்துக்கும் ஆடினாள். நான் எங்கேயும் ஆடவில்லை. காரணம் தண்ணீர் இல்லை, என் இடது கால்.

கடிதம் எழுதிய அப்பாவுக்கு ஒன்று சொல்வேன். மகளுக்குத் தாள் கொடுங்கள், டிக் போடச் சொல்லுங்கள், நல்லதுதான். அதற்கு முன்னால் அவள் ஆடுகிற மைதானத்துக்கு ஒரு தடவை போய், அங்கே கழிப்பறைக் கதவு திறக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

நான்கு நிமிடம்

ட்ரையல் ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில். நிஜமான புல். வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. தேர்வு செய்ய மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் ஆண்கள். நான் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே, ஜெர்சிக்கு மேல் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தபோது ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். நடுவர் ஓடிவந்தார். அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

"சார், டாய்லெட் போகணும்" என்றாள்.

அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். யாரோ சிரித்தார்கள். மகேஷ் சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

ட்ரையல் என்பதால் வெளியே போனவள் திரும்பி வரலாம். நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். அவள் கோட்டை நோக்கி ஓடி வந்தாள். எட்டு நாளாக என்னோடு பேசாதவள், என்னைக் கடக்கும்போது, "ஏழாம் நம்பர் இடது பக்கமாத்தான் வருவா. விட்டுடாத" என்றாள்.

நான்கு நிமிடம் ஆடினேன். மாவட்ட ட்ரையலில் நான் ஆடியது அவ்வளவுதான். பந்து என்னிடம் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை தலையால் முட்டி வெளியே தள்ளினேன். இன்னொரு தடவை ஏழாம் நம்பர் இடது பக்கமாகவே வந்தாள். எனக்கு ஆகாத கால் அந்தப் பக்கம். காலை நீட்டாமல் உடம்பையே குறுக்கே போட்டேன். இரண்டு பேரும் விழுந்தோம். பந்து ரேஷ்மாவின் கைக்குப் போனது. நாற்காலிக்காரர்கள் அதை எழுதினார்களா என்று நான் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா திரும்பி வந்து கோட்டருகில் நின்றாள். மாற்றிக்கொள்ளும்போது கையோடு கை தட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். நான் கையை நீட்டினேன். அவளும் நீட்டினாள்.

அவள் கை நனைந்திருந்தது. அந்த மைதானத்தில் குழாயும் இருந்திருக்கிறது.